இழுபறி எப்படித் தீர்கிறது?

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குக் கூபேர் சாலை என்று பெயர். பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்தான். 1963 ஜூலை 1-ஆம் தேதி இந்த யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சராகப் பதவியேற்றவர் எதுவார் கூபேர் என்பது ஊரில் பலருக்குத் தெரியும். அதற்குப் பத்து வருஷம் முன்னால் பிரான்ஸ் நாட்டின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் அவர் கையில் இருந்தது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சிந்தியாவின் சார்பில் பாரிஸ் நாடாளுமன்றத்தின் கீழவைக்கு ஒரு டெபுட்டி போவார். 1951 தேர்தலுக்குப் பிறகு அந்த இடத்தில் இருந்தவர் கூபேர். அந்தக் காலத்துப் பிரெஞ்சு அரசியல் சட்டப்படி குடியரசுத் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. இரண்டு அவை உறுப்பினர்களும் வெர்சாய் அரண்மனையில் ஒன்றாகக் கூடி ரகசிய வாக்களிப்பார்கள். 1953 டிசம்பர் 17-ஆம் தேதி அப்படிக் கூடினார்கள். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை. முடிந்தது டிசம்பர் 23-ஆம் தேதி, பதின்மூன்றாவது சுற்றில்.

அரசியல் பேசுகிற எந்த டீக்கடை பெஞ்சிலும் இந்தக் கேள்வி என்றைக்காவது வரும்: ஒரு கட்சியோ ஒரு மன்றமோ தலைவரையோ வேட்பாளரையோ தேர்வு செய்யக் கூடி, யாருக்குமே போதுமான ஆதரவு கிடைக்காமல் நின்றுபோனால் என்ன ஆகும்? அமெரிக்கக் கட்சி மாநாடுகளைப் பற்றிச் செய்தி வரும்போதும் கேட்பார்கள், நம் ஊரில் முதலமைச்சர் யார் என்று நாள்கணக்கில் முடிவாகாமல் இருக்கும்போதும் கேட்பார்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம். இது கணக்குத்தான், ஆனால் எளிய கணக்கு.

ஒரு தெருவில் பத்துப் பேர் சேர்ந்து சங்கப் பொருளாளரைத் தேர்வு செய்கிறார்கள் என்று வையுங்கள். ஜெயிக்க ஆறு வாக்கு வேண்டும். மூன்று பேர் போட்டியிடுகிறார்கள். எண்ணினால் நாலு, மூன்று, மூன்று. யாருக்கும் ஆறு இல்லை. மறுபடி வாக்களிக்கச் சொன்னால் மறுபடியும் நாலு, மூன்று, மூன்றுதான் வரும். யாரும் மனம் மாறக் காரணமே இல்லையே.

இதிலிருந்து வெளியே வர நாலு வழிதான் உண்டு. ஒன்று, மூவரும் அல்லாத நாலாவது ஆளைத் தேடுவது. இரண்டு, ஆறு வாக்கு வேண்டும் என்ற விதியைத் தளர்த்துவது. மூன்று, முதல் இரண்டு இடத்தில் வராதவரை வெளியேற்றிவிட்டு மீண்டும் வாக்களிப்பது. நாலு, வாக்களிக்கும்போதே 'இவர் இல்லையென்றால் அவர்' என்று இரண்டாவது விருப்பத்தையும் எழுதி வாங்கிக்கொள்வது. உலகத்தில் நடந்த பெரிய இழுபறிகள் பலவும் இந்த நாலில் ஒன்றின் வழியாகத் தீர்ந்திருக்கின்றன.

வெர்சாயில் தீர்ந்தது முதல் வழியில். பிரதமர் ஜோசப் லானியேல் போட்டியிட்டார், பெரும்பான்மைக்கு அருகில் வந்தார், ஆனால் தாண்ட முடியவில்லை. சோஷலிஸ்டுகளின் வேட்பாளர் நேஜலன் கடைசிவரை விலகவில்லை. கடைசியில் இருப்பவர் வெளியேற வேண்டும் என்ற விதி கிடையாது, இத்தனை சுற்றுத்தான் என்ற வரம்பும் கிடையாது. அதனால் வாக்குப்பெட்டி திரும்பத் திரும்பச் சுற்றி வந்தது. அந்தச் சமயத்தில் பிரான்ஸை இரண்டாகப் பிளந்திருந்த பிரச்சினை, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து பொதுப் படை அமைக்கலாமா என்பது. அதில் ஒரு பக்கம் நின்றவரை மறுபக்கம் ஏற்காது. கடைசிச் சுற்றுகளில்தான் ரெனே கோட்டி என்ற பெயர் முன்னே வந்தது. மேலவையைச் சேர்ந்தவர், அமைதியானவர். அந்தப் பிரச்சினை அவைக்கு வந்தபோது அறுவைச் சிகிச்சை காரணமாக அவர் கருத்துச் சொல்லாமல் இருந்துவிட்டார். யாரையும் பகைத்துக்கொள்ளாத அந்த மனிதர் பதின்மூன்றாவது சுற்றில் 477 வாக்கு பெற்றார். நேஜலனுக்கு 329.

எல்லோருக்கும் முதல் விருப்பமாக இருந்தவர் அல்ல கோட்டி. யாருக்கும் கடைசி விருப்பமாக இல்லாதவர். நாலாவது ஆள் வழி எப்போதும் இப்படிப்பட்டவரிடம்தான் கொண்டுபோய் விடும். அது கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பிளந்து கிடக்கிற வீட்டுக்கு எதிரி இல்லாத மனிதர் தேவைப்படும் காலம் உண்டு. ஆனால் அப்படி வருகிறவர் பலமில்லாமல் வருவார். கோட்டியின் பதவிக்காலத்திலேயே, 1958-இல், அந்த ஆட்சிமுறை சரிந்தது. தெ கோலைக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்தவர் அவரே.

இரண்டாவது வழிக்கு நியூயார்க் போக வேண்டும். 1924 ஜூன் 24-ஆம் தேதி அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாடு மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் தொடங்கியது. வேலை ஒன்றுதான், கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்வு செய்வது. மொத்தம் 1,098 வாக்கு. அந்தக் கட்சியின் விதிப்படி பாதிக்கு மேல் வாங்கினால் போதாது, மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 732 வேண்டும்.

ஒரு பக்கம் வில்லியம் மெக்காடூ. மதுவிலக்கை விரும்பிய, புராட்டஸ்டன்ட் தெற்கு, மேற்கு மாநிலங்கள் அவர் பின்னால். மறுபக்கம் நியூயார்க் ஆளுநர் அல் ஸ்மித். கத்தோலிக்கர், மதுவிலக்குக்கு எதிரானவர், பெருநகரத் தொழிலாளர்களின் ஆள். கு க்ளக்ஸ் கிளான் என்ற இனவெறிக் கும்பலைப் பெயர் சொல்லிக் கண்டிக்கலாமா என்ற தீர்மானம் ஏறக்குறைய ஒரே வாக்கில் தோற்றது. அவ்வளவு சரிபாதியாகப் பிளந்திருந்தது கட்சி. மூன்றில் இரண்டு பங்கு விதியால் இரண்டு பக்கமும் மற்றவரைத் தடுக்க முடிந்தது, எந்தப் பக்கமும் ஜெயிக்க முடியவில்லை.

வாக்கெடுப்பு மாநிலங்களின் பெயரை அகர வரிசையில் கூப்பிட்டு நடக்கும். முதலில் அலபாமா. அந்த மாநில ஆளுநர் எழுந்து தங்கள் 24 வாக்கும் தங்கள் ஊர்க்காரரான ஆஸ்கார் அண்டர்வுட்டுக்கு என்று உரக்கச் சொல்வார். அடுத்த சுற்றிலும் அதையே சொல்வார், அதற்கடுத்த சுற்றிலும் அதையே. வானொலியில் ஒலிபரப்பான முதல் மாநாடுகளில் அதுவும் ஒன்று. வீட்டில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த அமெரிக்கர்களுக்கு அந்த வாக்கியம் மனப்பாடமே ஆகிவிட்டது. தொண்ணூற்றொன்பது சுற்று முடிந்தபின் மெக்காடூவும் ஸ்மித்தும் ஒதுங்க ஒப்புக்கொண்டார்கள். ஜூலை 9-ஆம் தேதி 103-வது சுற்றில் ஜான் டேவிஸ் என்ற வழக்கறிஞர் வேட்பாளரானார். நவம்பர் தேர்தலில் எதிர் வேட்பாளர் கால்வின் கூலிட்ஜிடம் பெருந்தோல்வி அடைந்தார். அந்த முறை தீர்ந்தது நாலாவது ஆள் வழியில்தான், ஆனால் அந்த நினைவு கட்சிக்கு ஆறவில்லை. 1936-இல் மூன்றில் இரண்டு பங்கு விதியையே நீக்கிவிட்டார்கள். ஒரு சுற்றுக்கு மேல் போன கடைசி அமெரிக்க மாநாடு 1952-இல் அட்லாய் ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்த மாநாடு, அதுவும் மூன்றே சுற்றில் முடிந்தது.

மூன்றாவது வழி புதுச்சேரியிலேயே பார்க்கக் கிடைக்கும். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பிரெஞ்சு ஜனாதிபதி தேர்தல் வந்தால் அவர்கள் இங்கேயே வரிசையில் நின்று வாக்களிப்பார்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வருவார்கள். 1962-இல் விதியை மாற்றி, 1965 முதல் மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவர் மட்டும் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். இருவர் மட்டும் என்றால் ஒருவருக்குப் பாதிக்கு மேல் வந்தே தீரும். வெர்சாயில் பதின்மூன்று சுற்று அலைந்த தேசம் அந்த அலைச்சலுக்கு விதியிலேயே முடிவு கட்டிவிட்டது.

நாலாவது வழி நம் நாட்டுடையது. அது வேலை செய்த விதத்தைக் கிட்டே போய்ப் பார்க்க 1969 தேர்தலைவிட நல்ல உதாரணம் இல்லை. கட்சி ஒன்று ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்வு செய்வதில் முட்டிக்கொண்டு, அதனாலேயே உடைந்துபோன கதையும் அதுதான்.

1969 மே 3-ஆம் தேதி ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்தார். துணை ஜனாதிபதி வி.வி. கிரி தற்காலிகப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஜனாதிபதி யார்? ஜூலையில் பெங்களூரில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியபோது கட்சியின் பார்லிமென்டரி போர்டு அதை முடிவு செய்ய உட்கார்ந்தது. ஒரு மேஜையைச் சுற்றி அடங்கிவிடக்கூடிய எண்ணிக்கைதான். பிரதமர் இந்திரா காந்தி ஜகஜீவன் ராமின் பெயரைச் சொன்னார். கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ்.கே. பாட்டீல் ஆகியோர் விரும்பியது மக்களவைத் தலைவராக இருந்த நீலம் சஞ்சீவ ரெட்டியை. ஒய்.பி. சவானும் ரெட்டி பக்கம் சாய்ந்தார். ரெட்டி வேட்பாளரானார். பிரதமர் தன் கட்சியின் உயர்மட்டக் கூட்டத்திலேயே தோற்றார்.

பெரும்பான்மை சொன்னது, சிறுபான்மை ஏற்றது என்று முடிந்திருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். ஆனால் கிரி சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். ஜூலை 16-ஆம் தேதி மொரார்ஜியிடமிருந்து நிதித் துறை பறிக்கப்பட்டது. ஜூலை 19-ஆம் தேதி 14 வங்கிகள் அவசரச் சட்டத்தால் நாட்டுடைமை ஆயின. அதில் கையெழுத்திட்டவர் தற்காலிக ஜனாதிபதியான கிரி. மறுநாள் அவர் பதவி விலகிப் போட்டிக்கு இறங்கினார். ரெட்டியின் வேட்பு மனுவில் கையெழுத்துப் போட்டிருந்த இந்திரா காந்தி, கடைசியில் உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்ற நிலையை எடுத்தார். ஜனாதிபதி தேர்தலில் ரகசிய வாக்கு, கட்சிக் கொறடா கிடையாது. சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின. அவர்களுடைய இரண்டாம் விருப்ப வாக்கைக் கேட்டு நிஜலிங்கப்பா பேசினார். தமிழ்நாட்டில் ஆட்சியில் இருந்த தி.மு.க. கிரியை ஆதரித்தது.

ஆகஸ்ட் 16-ஆம் தேதி வாக்குப்பதிவு, 20-ஆம் தேதி எண்ணிக்கை. ஜெயிக்கத் தேவை 4,18,169. முதல் விருப்ப வாக்கு கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. கிரி முன்னால் நிற்கிறார், ஆனால் 16,654 குறைகிறது. வெர்சாயாக இருந்தால் எல்லோரும் மறுபடி வரிசையில் நின்றிருப்பார்கள். நம் விதி வேறு. வாக்குச்சீட்டிலேயே இரண்டாவது, மூன்றாவது விருப்பம் இருக்கிறது. கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்கி, அவர் சீட்டுகளை அடுத்த விருப்பத்தவருக்கு மாற்ற வேண்டும். சிறிய வேட்பாளர்கள் போனார்கள், பிறகு தேஷ்முக் போனார். மாறி வந்த வாக்கில் ரெட்டிக்கு 91,879 சேர்ந்தது, கிரிக்கு 18,562 மட்டும். பெரும்பங்கு ரெட்டிக்குத்தான் போனது, ஆனாலும் எட்டவில்லை. கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தேவையான அளவைக் கிரி தாண்டியது வெறும் 1,908-இல்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். இருவர் வாக்கையும் கூட்டினால் 8,25,504. பதிவான செல்லுபடி வாக்கு 8,36,337. இடையில் 10,833 வாக்கு எங்கே போனது? அடுத்த விருப்பத்தை எழுதாமல் விட்ட சீட்டுகள் அவை. தன் ஆள் நீங்கியதும் அந்தச் சீட்டு வேறு யாருக்கும் போகாமல் நின்றுவிடும். இரண்டாவது விருப்பத்தை எழுதாதவர் கடைசித் தீர்ப்பிலிருந்து தானாகவே விலகிக்கொள்கிறார். இன்றுவரை முதல் எண்ணிக்கையில் முடியாமல் அடுத்த விருப்ப வாக்கால் தீர்ந்த ஜனாதிபதி தேர்தல் அது ஒன்றுதான்.

நாட்டின் விதி அந்த இழுபறியை ஒரே நாளில் தீர்த்துவிட்டது. கட்சியின் இழுபறி தீரவில்லை. நவம்பர் 12-ஆம் தேதி இந்திரா காந்தி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், காங்கிரஸ் இரண்டானது. கட்டிக் காத்த கட்சி பிளந்தபோது காமராஜர் இந்திராவுக்கு எதிரான ஸ்தாபன காங்கிரஸ் பக்கம் நின்றார். அந்தப் பிளவின் தழும்பு தமிழ்நாட்டுக் காங்கிரஸில் இன்னும் இருக்கிறது. சஞ்சீவ ரெட்டி 1977-இல் போட்டியின்றி ஜனாதிபதியானார்.

இதில் புதுச்சேரிக்கு என்ன என்று கேட்பீர்கள். 1969-இல் இங்கே சட்டமன்றம் இருந்தது, பாரூக் மரைக்காயர் முதலமைச்சர். ஆனால் அந்தச் சட்டமன்றத்துக்கு ஜனாதிபதி தேர்தலில் வாக்கு இல்லை. மாநிலச் சட்டமன்றங்களுக்கு மட்டுமே உண்டு என்பது அப்போதைய சட்டம். 1992-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 70-வது திருத்தம்தான் டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்களையும் சேர்த்தது. நம் எம்.எல்.ஏ.க்கள் முதன்முதலாக ஜனாதிபதி தேர்தலில் வாக்களித்தது 1997-இல். இன்று ஒரு புதுச்சேரி எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு 16, முப்பது பேருக்குமாக 480. தமிழ்நாட்டில் ஒருவருக்கு 176. சிறியதுதான். ஆனால் 1,908-இல் ஒரு ஜனாதிபதி தேர்தல் முடிந்த நாட்டில் 480 என்பது ஒதுக்கத்தக்க எண் அல்ல.

நம் சொந்த இழுபறிகளுக்கு வருவோம். 2016 தேர்தலில் காங்கிரஸ் 15 இடம், கூட்டணியில் தி.மு.க. 2 இடம் ஜெயித்தன. மாநிலத் தலைவர் நமச்சிவாயம் முதலமைச்சர் ஆவார் என்று அவருடைய ஆதரவாளர்கள் எதிர்பார்த்தார்கள். டெல்லியிலிருந்து ஷீலா தீட்சித்தும் முகுல் வாஸ்னிக்கும் பார்வையாளர்களாக வந்தார்கள். அப்போது சட்டமன்ற உறுப்பினராக இல்லாத, முன்னாள் மத்திய அமைச்சர் நாராயணசாமி தேர்வானார். நமச்சிவாயத்தின் ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர் அமைச்சரானார், ஐந்து வருஷம் நெருங்கும்போது, 2021 ஜனவரியில் கட்சியை விட்டு விலகி பா.ஜ.க.வில் சேர்ந்தார். பிப்ரவரி 22-ஆம் தேதி ஆட்சி பெரும்பான்மை இழந்து விழுந்தது. அந்த ஆட்சி விழ வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 2016-இல் தீராத கணக்கு ஒன்று உள்ளே இருந்துகொண்டே இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

2021-இல் வேறு மாதிரி. என்.ஆர். காங்கிரஸ், பா.ஜ.க. கூட்டணி சார்பில் ரங்கசாமி மே 7-ஆம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்றார். இடையில் அவருக்குக் கொரோனா வந்து சென்னை மருத்துவமனையில் இருந்தார். மீண்டு வந்தபிறகும் என்.ஆர். காங்கிரஸுக்கும் பா.ஜ.க.வுக்கும் இடையே பதவிப் பங்கீடு இழுத்தது. அமைச்சர்கள் பதவியேற்றது ஜூன் 27-ஆம் தேதி. தொற்று உச்சத்தில் இருந்த காலத்தில் 51 நாள் முதலமைச்சர் மட்டுமே உள்ள அரசு. இந்த மாதிரிப் பேச்சுவார்த்தைக்கு விதியும் இல்லை, கெடுவும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அதனால்தான் நீள்கிறது.

நான் சொல்ல வேண்டியது இதுதான். இழுபறியே ஒரு கட்சிக்கு நோய் அல்ல. உள்ளே இரண்டு கருத்து இருக்கிறது என்பதன் அடையாளம் அது, உயிருள்ள எந்தக் கட்சியிலும் வரும். அதைத் தீர்க்கும் விதி முன்கூட்டியே எழுதப்படாமல் இருப்பதும், எண்ணாமலேயே ஒருமனதாக என்று அறிவிப்பதும்தான் நோய். மேலிடம் முடிவு செய்யட்டும் என்று ஒரு வரித் தீர்மானம் போட்டுக் கைதட்டிக் கலைந்தால், எதிர்த்தவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது. தோற்றவருக்கே தன் பலம் தெரியாது. தெரியாதபோது அவர் அதை வெளியே போய்ச் சோதித்துப் பார்ப்பார். கட்சி உடைவதும் ஆட்சி கவிழ்வதும் பெரும்பாலும் இப்படி வெளியே நடக்கிற எண்ணிக்கைதான்.

எண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 1939-இல் சுபாஷ் சந்திர போஸ் பட்டாபி சீதாராமையாவை 200 வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் வென்று காங்கிரஸ் தலைவரானார். தோற்ற தரப்பு அதை மனதால் ஏற்கவில்லை, ஏப்ரல் கடைசியில் அவர் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. விதி, எண்ணிக்கை, அதோடு தோற்றவர் ஏற்கும் பழக்கம், மூன்றும் சேர்ந்தால்தான் நிற்கும். 2022-இல் அதே கட்சியின் தலைவர் தேர்தலில் கார்கே 7,897 வாக்கும் சசி தரூர் 1,072 வாக்கும் பெற்றார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் தன்னோடு இருந்தார்கள் என்று தரூருக்கும் தெரிந்தது, கட்சிக்கும் தெரிந்தது. கட்சி உடையவில்லை.

நம் மண்ணிலேயே அதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில், பிரெஞ்சிந்தியப் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170, எதிராக 8. யார் வாக்களிப்பது, எந்தக் கேள்விக்கு, முடிவு என்றால் என்ன என்பதை இரண்டு அரசுகளும் முன்கூட்டியே பேசி முடித்திருந்தன. ஒரு நாளில் முடிந்தது. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. எதிர்த்த எட்டுப் பேர் இருந்தார்கள் என்பதையும் அந்த எண்ணிக்கை மறைக்காமல் சொல்கிறது.

ஆகவே உங்களுக்குப் பிடித்த கட்சி எதுவாக இருந்தாலும், அடுத்த முறை அதன் கிளைக் கூட்டத்துக்கோ பொதுக்குழுவுக்கோ போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். நம் தலைவரையும் வேட்பாளரையும் தேர்ந்தெடுக்கும் விதி எங்கே எழுதியிருக்கிறது? போன முறை எத்தனை பேர் ஆதரித்தார்கள், எத்தனை பேர் எதிர்த்தார்கள்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், பதில் எழுதப்படும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.